பல்லைக் கடித்துக்கொண்டு ஓடும் நாட்கள்

கேள்வி: எனக்கு 41 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 14 வருடமாக அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். கணவருக்குச் சாயப்பட்டறையில் ஷிப்ட் வேலை. மகன் பத்தாவது, மகள் ஆறாவது. மாமியார் எங்களோடு இருக்கிறார். சர்க்கரையும் மூட்டுவலியும் உண்டு. ஆறு மாதமாகக் காலையில் எழுந்தால் தாடை வலிக்கிறது. பல் டாக்டர், “தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்கள், கடைவாய்ப் பல் தேய்ந்திருக்கிறது” என்றார். மாதத்தில் பத்து நாள் வயிறு சரியில்லை. ஈசிஜி, வயிற்று ஸ்கேன் இரண்டும் நார்மல். போன வாரம் மகள் பாலைக் கொட்டிவிட்டாள் என்று கையிலிருந்த தோசைக் கரண்டியைச் சுவரில் வீசினேன். அவள் முகம் போன போக்கை மறக்க முடியவில்லை. பார்க்கிற டாக்டரெல்லாம் டென்ஷனைக் குறைக்கச் சொல்கிறார்கள். எனக்கு டென்ஷனே இல்லைங்க மேடம். உட்கார்ந்து கவலைப்பட எனக்கு நேரம் ஏது? ஒரு ரிட்டர்ன் இதுவரை லேட் ஆனதில்லை, வீட்டில் ஒரு வேலை நின்றதில்லை. மனசில் ஒன்றும் இல்லாமல் மன அழுத்தம் எப்படி வரும்? என்னை மெண்டல் என்று சொல்கிறார்களா?

பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் நான்கு பக்கம். மேலே இருப்பது அதன் சுருக்கம்தான். உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை, யாரும் உங்களை அப்படிச் சொல்லவில்லை. நீங்களும் உங்களைப் பற்றி அப்படி நினைக்க வேண்டாம். ஆனால் “டென்ஷனைக் குறையுங்கள்” என்ற ஒரே வரியோடு உங்களை அனுப்பிவைத்ததில் எனக்கு வருத்தம் உண்டு. அது எங்கே இருக்கிறது என்று காட்டாமல் குறைக்கச் சொன்னால், எதைத்தான் குறைப்பீர்கள்?

அதற்கு முன் ஒரு சின்ன வேலை. ஈசிஜியும் ஸ்கேனும் எடுத்திருக்கிறீர்கள், ரத்தப் பரிசோதனை பற்றி எழுதவில்லை. உங்கள் பொது மருத்துவரிடம் சொல்லி ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூன்றையும் பார்த்துவிடுங்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் அது ரத்தசோகை. 2019–21 தேசிய குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல், 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. அந்தச் சோர்வும் எரிச்சலும் படபடப்பும் அப்படியே டென்ஷன் மாதிரியே இருக்கும். தைராய்டும் அப்படித்தான். உங்கள் வயதில் மாதவிடாய்ச் சுழற்சி மாறத் தொடங்கியிருக்கலாம், தூக்கமும் பொறுமையும் குறைவதற்கு அதுவும் ஒரு காரணம். இவற்றைப் பார்க்காமல் எல்லாவற்றையும் மனதின் தலையில் கட்டுவது சரியில்லை. அப்புறம், சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கத்தை எழுதியிருக்கிறீர்கள். சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளாமல் டீ தடுக்கும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள்.

சரி, இனி உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். மனசில் ஒன்றும் இல்லாமல் எப்படி வரும்?

‘மன அழுத்தம்’ என்ற சொல்லே நம்மைக் கொஞ்சம் குழப்பிவிடுகிறது. முன்னால் ‘மன’ என்று இருப்பதால் எல்லோரும் மனதுக்குள்ளே போய்த் தேடுகிறார்கள். அங்கே அழுகையோ பயமோ கவலையோ தென்படாவிட்டால், நமக்கு அது இல்லை என்று முடிவு செய்துவிடுகிறார்கள். போதாததற்கு டிப்ரஷனுக்கும் பலர் இதே சொல்லைச் சொல்கிறார்கள். அதற்கு மனச்சோர்வு என்று தனிச் சொல் இருக்கிறது, அது வேறு விஷயம். நம் பேச்சுத் தமிழ் இதில் தெளிவாகவே இருக்கிறது. வயிற்றைக் கலக்குகிறது என்போம். நெஞ்சு படபடக்கிறது, வேலை கழுத்தைப் பிடிக்கிறது, தலைக்கு மேல் கிடக்கிறது என்போம். எல்லாமே உடம்பு. உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் நீங்களே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “பையன் பத்தாவது முடிக்கிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம் என்று இருக்கிறேன்.” இதை நான் மூன்று முறை படித்தேன். நீங்கள் பேச்சுவாக்கில் எழுதியதை உங்கள் தாடை ஒவ்வொரு இரவும் செய்துகொண்டிருக்கிறது.

மருத்துவத்தில் இந்தப் பேச்சு தொடங்கியதே உடம்பிலிருந்துதான். 1936-இல் கனடாவின் மான்ட்ரியாலில் ஹான்ஸ் செலியே என்ற ஆராய்ச்சியாளர் எலிகளை வைத்துச் செய்த சோதனைகளை எழுதினார். கடுங்குளிர், அளவுக்கு மீறிய உழைப்பு, காயம், மருந்து என்று என்ன தொந்தரவு கொடுத்தாலும் எலிகளின் உடம்பில் ஒரே மாதிரி மாற்றம் தெரிந்தது. சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி பெருத்தது. நோய் எதிர்ப்போடு தொடர்புள்ள தைமஸ் சுரப்பி சுருங்கியது. இரைப்பையில் புண் வந்தது. அந்த எலிகளிடம் யாரும் போய், கவலையாக இருக்கிறாயா என்று கேட்கவில்லை. உடம்பைத் திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

நீங்கள் ஸ்கூட்டியில் போகிறீர்கள், திடீரென்று நாய் குறுக்கே பாய்கிறது என்று வையுங்கள். நீங்கள் யோசிக்கும் முன்பே அட்ரினலின் என்ற ஹார்மோன் பாய்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, தோளும் தாடையும் இறுகுகின்றன, வயிறு செரிமானத்தை நிறுத்திவைக்கிறது, கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன் பின்னாலேயே வருகிறது. நாய் போய்விட்டால் கொஞ்ச நேரத்தில் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும். ஆனால் உங்களுக்கு ஒன்பது மணிக்கு ஒரு நாய், பதினொன்றுக்கு ஒரு நாய், வீட்டுக்கு வந்தால் சமையலறையில் ஒரு நாய். பழைய நிலைக்கு வர இடைவெளியே கிடைப்பதில்லை. அப்படி விடாமல் வேலை செய்வதால் உடம்பில் சேரும் பாதிப்புக்கு புரூஸ் மெக்யூன் என்ற அறிவியலாளர் 1993-இல் ஒரு பெயர் வைத்தார். அதை விளக்க எனக்கு உங்கள் தொழிலிலிருந்தே ஒரு சொல் கிடைக்கிறது: தேய்மானம். மெஷின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதும் புத்தகத்தில் தேய்மானம் எழுதுகிறீர்கள் அல்லவா? உங்கள் வேலை எதுவும் நிற்கவில்லை என்பது உண்மை. உங்கள் கடைவாய்ப் பல்லில் எழுதியிருப்பதும் உண்மை.

ஒன்றையும் நிறுத்தாமல் ஓடுகிறவர்கள்தான் இதைக் கடைசியாகக் கவனிக்கிறார்கள். என்னிடம் வருகிறவர்களிலும் வேலையில் கெட்டிக்காரர்கள்தான் அதிகம். அவர்கள் கவனம் முழுக்க அடுத்து என்ன என்பதிலேயே இருக்கும். தோள் காது வரை ஏறியிருப்பது அவர்களுக்குத் தெரியாது, பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியும்.

உங்களுக்கு நான் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. எல்லாம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மூன்றாம் பக்கத்தில், வேலை எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது என்று காட்டுவதற்காக, வரிக் கணக்கு ரிட்டர்ன்களுக்கும் கம்பெனி கட்ட வேண்டியவற்றுக்கும் உள்ள மாதக் கடைசித் தேதிகளை அடுக்கியிருக்கிறீர்கள்: 7 டிடிஎஸ், 11 ஜிஎஸ்டிஆர்-1, 15 பிஎஃப், இஎஸ்ஐ, 20 ஜிஎஸ்டிஆர்-3பி. அதற்கு அடுத்த பத்தியில், வயிறு கெட்ட நாட்கள்: “போன மாதம் 9-இலிருந்து 20 வரை, அதற்கு முந்தின மாதமும் கிட்டத்தட்ட அப்படித்தான்.” மாதவிடாய்க் கோளாறு என்று நினைத்ததாக எழுதுகிறீர்கள். உங்களுக்கு 25 நாள் சுழற்சி என்றால் அது மாதாமாதம் முன்னே நகர்ந்துகொண்டே வர வேண்டும். வயிறு மட்டும் நகரவில்லை. அது ரிட்டர்ன் தேதியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. 21-ஆம் தேதி சரியாகிவிடும் வயிற்றை எந்த ஸ்கேனிலும் பிடிக்க முடியாது.

இன்னும் இருக்கிறது. காலைச் சாப்பாடு எப்போதும் நின்றுகொண்டே, அடுப்புத் திட்டின் மேல் தட்டை வைத்து. வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதி வழி போனபின் பூட்டினோமா என்று வண்டியைத் திருப்பியது, இந்த மாதத்தில் மூன்று முறை. சனிக்கிழமை சம்பளம் போட்டு முடித்ததும் தலைவலி. இரவு பதினொன்றரைக்கு எல்லோரும் தூங்கிய பிறகு செல்போனில் ரீல்ஸ் பார்ப்பது. இதை ஒரு குற்றம் மாதிரி ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது குற்றமாகத் தெரியவில்லை. நாளில் வேறு எந்த மணி நேரமும் உங்களுடையதாக இல்லாததால், தூக்கத்திலிருந்து ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொள்கிறீர்கள். சாயங்காலம் ஆறரைக்குக் குடிக்கும் ஐந்தாவது டீயும் அதற்குத் துணை செய்கிறது. காஃபீன் பாதி குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது ஒரு சின்ன விஷயம். உங்கள் மாமியார் அடிக்கடி, “பாத்திரத்தை உடைச்சுப்போடுவ போல இருக்குதே” என்கிறாராம். அவர் குறை சொல்வதாக நினைத்து உங்களுக்குக் கோபம். நான் வேறு மாதிரி கேட்கிறேன். மூட்டுவலியோடு பக்கத்து அறையில் படுத்திருப்பவருக்கு, நீங்கள் பாத்திரம் வைக்கும் சத்தத்திலிருந்தே அன்றைய உங்கள் நிலை தெரிகிறது. உங்களுக்கு முன்னால் அவருக்குத் தெரிகிறது. ஒரு நாள் சாவகாசமாக அவரிடமே கேளுங்கள்: “அத்தை, எந்தெந்த நாள் நான் பாத்திரத்தை வேகமா வைக்கிறேன்?” பதில் என்ன வரும் என்று தெரிந்துகொள்ள எனக்கே ஆவலாக இருக்கிறது.

கரண்டி விஷயத்துக்கு வருகிறேன். அது 19-ஆம் தேதி என்று எழுதியிருக்கிறீர்கள். அன்று வெளியே கொடுத்துச் செய்யும் வேலைக்கான ஜாப் ஒர்க் பில் இரண்டு வராமல் கணக்கு இடித்தது. கணவருக்கு நைட் ஷிப்ட். மகனுக்கு டியூஷன் முடிந்து கூட்டிவர ஆளில்லை. அதற்குப் பிறகுதான் பால் கொட்டியது. வெறும் பாலுக்காகக் கரண்டி பறக்காது. கோபம் ஒரு வரிசையின் கடைசியில் வருவது. உங்கள் வரிசை எனக்கு இப்படித் தெரிகிறது: முதலில் தாடை இறுகுகிறது. பிறகு வாயில் “சீக்கிரம், சீக்கிரம்” என்ற வார்த்தை கூடுகிறது. பிறகு பாத்திரம் சத்தம் போடுகிறது. அதற்கும் பிறகுதான் குரலும் கையும் ஓங்குகின்றன. நான்காவதில் நின்றுகொண்டு கோபத்தை அடக்கப் பார்த்தால் முடியாது. முதலாவதிலோ இரண்டாவதிலோ கண்டுகொண்டால் முடியும். இதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். மற்றதெல்லாம் இதற்குத் துணை.

இந்த வரிசை ஆளுக்கு ஆள் வேறு. என்னிடம் வந்த ஒரு பேருந்து ஓட்டுநருக்கு முதல் அடையாளம் ஹாரன். எதிரில் வண்டியே இல்லாத சாலையிலும் அடித்துக்கொண்டிருப்பதை நடத்துனர்தான் சொன்னாராம். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு வாசலில் கோலம் சின்னதாகிக்கொண்டே போகும். எனக்கு, எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும் முன்பே தலையாட்டத் தொடங்குவேன். அதைக் கவனித்துவிட்டால் அன்று கடைசி சந்திப்பை மறுநாளைக்கு மாற்றிவிடுகிறேன், ஏனென்றால் அந்த நிலையில் நான் கேட்பது வந்தவருக்குப் பயன்படாது.

உங்கள் வரிசை நான் ஊகித்ததுதான். சரிதானா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். டைரி எழுதச் சொன்னால் அதுவும் ஒரு வேலையாகிவிடும், வேண்டாம். உங்கள் வீட்டில் தினசரி காலண்டர் இருக்கும். தாளைக் கிழிக்கும்போது அதன் பின்பக்கம் மூன்றே குறிப்பு: காலையில் தாடை வலி பத்துக்கு எத்தனை, இன்று ஒரு வேளையாவது உட்கார்ந்து சாப்பிட்டேனா, குரலை உயர்த்தியது எத்தனை முறை. ஒரு மாதம் முழுக்க எழுதுங்கள். ஒரு வாரம் போதாது, 7 முதல் 20 வரையும் அதற்குப் பிந்தின நாட்களும் இரண்டும் தெரிய வேண்டும். நல்லது கெட்டது என்று தீர்ப்பெழுத வேண்டாம், பற்று வரவு மாதிரி எழுதினால் போதும்.

தாடைக்கு உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பேசாமல் சும்மா இருக்கும்போது உதடு மூடியிருக்கலாம், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடக்கூடாது. இப்போது இதைப் படிக்கும்போதே பாருங்கள். தொட்டுக்கொண்டிருந்தால் தாடையைத் தளரவிடுங்கள். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு முறை பதிவைச் சேமிக்கும்போதும், வண்டியில் சிக்னலில் நிற்கும்போதும் ஒரு நொடி பாருங்கள். பகலில் கடிப்பது குறைந்தால் தாடைத் தசைக்கு அந்த அளவு ஓய்வு. இரவுக்குப் பல் டாக்டர் பல்லின் மேல் மாட்டும் நைட் கார்டு போடச் சொன்னால் போட்டுக்கொள்ளுங்கள். அது பல்லைக் காப்பாற்றும், கடிப்பதை நிறுத்தாது. நீங்கள் சத்தமாகக் குறட்டை விடுகிறீர்களா, நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று கணவரிடம் கேளுங்கள். அப்படியென்றால் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவோரிடமும் பல் கடிப்பது உண்டு.

சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும் உடனே உள்ளே போகாமல் மூன்று நிமிடம் அதன் மேலேயே உட்காருங்கள். நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை வெளியே விடுங்கள். வெளியே விடும் மூச்சு நீளும்போது இதயத்துடிப்பு மெல்ல இறங்கும். அலுவலகத்து நாயை வாசலிலேயே விட்டுவிட்டுப் போவதற்கு அந்த மூன்று நிமிடம்.

ஆனால் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்துவிட்டு, சுமையை அப்படியே தூக்கச் சொல்வது எனக்குப் பிடிக்காது. 1979-இல் ராபர்ட் கராசெக் என்பவர் வேலையிடங்களைப் பற்றி ஒன்று சொன்னார். வேலை அதிகம் என்பது மட்டும் ஆளை வாட்டுவதில்லை. வேலையும் அதிகமாக இருந்து, அதை எப்போது எப்படிச் செய்வது என்ற முடிவும் தன் கையில் இல்லாதபோதுதான் மிகவும் வாட்டுகிறது. உங்கள் நிலை அதுதான். கடைசித் தேதி அரசாங்கத்தின் கையில், பில் அனுப்புவது நிட்டிங்காரர், டையிங்காரர் கையில், தாமதத்துக்குப் பதில் சொல்வது மட்டும் நீங்கள். முதலாளியிடம் டென்ஷன் என்று சொல்ல வேண்டாம், அது அவருக்குப் புரியாமல் போகலாம். இப்படிக் கேளுங்கள்: போன மாத ஜாப் ஒர்க் பில் எல்லாம் 5-ஆம் தேதிக்குள் வந்துவிட வேண்டும், வராதவர்களுக்கு நீங்களே ஒரு போன் போடுங்கள். நமக்கு வந்த பில்களின் ஜிஎஸ்டி பட்டியலான 2பி 14-ஆம் தேதி வந்துவிடும். அதை வைத்துச் சரிபார்க்க 15 முதல் 18 வரை எனக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள். பதினான்கு வருடம் ஒரு ரிட்டர்னும் தாமதிக்காதவர் கேட்டால் அதற்கு மதிப்பு இருக்கும்.

வீட்டிலும் இதே கணக்குதான். 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள், செய்யும் ஆண்கள் 97 நிமிடம். கணவரிடம் “கொஞ்சம் உதவுங்கள்” என்று கேட்டால், ஒவ்வொன்றையும் நினைத்துச் சொல்லும் வேலை உங்களிடமே இருக்கும். அதனால் ஒன்றை முழுசாகக் கொடுத்துவிடுங்கள். அத்தையின் மாத்திரை என்று வையுங்கள்: வாங்குவது, வேளைக்குக் கொடுப்பது, தீரப்போகிறது என்று கவனிப்பது வரை எல்லாம் அவர் மகன் பொறுப்பு. முதல் மாதம் ஒரு நாள் தவறினாலும் நீங்கள் உள்ளே புகாதீர்கள், அவரிடம் சொல்வதோடு நிறுத்துங்கள். சர்க்கரை மாத்திரை மட்டும் இரண்டாம் நாளும் தவறக்கூடாது என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். மகன் பத்தாவது என்றாலும் தண்ணீர் பிடிப்பதற்கும் தன் தட்டைக் கழுவுவதற்கும் பத்தாவது தடையில்லை.

மகளிடம் பேசினீர்களா என்று எழுதவில்லை. பேசவில்லை என்றால் இன்றே பேசுங்கள். நீளமாக வேண்டாம். “சாமி, அன்னைக்குக் கரண்டியை வீசினது அம்மா தப்பு. நீ பால் கொட்டினதுனால இல்லை. அம்மாவுக்கு அன்னைக்கு ரொம்ப முடியலை. இனி அப்படி இருந்தா முன்னாடியே சொல்லிடறேன்.” பதினொரு வயதுக் குழந்தை, தன்னால்தான் என்று முடிவு செய்துவிடும், அந்த முடிவை நாம்தான் எடுத்துப்போட வேண்டும். சொன்னபடி, அடுத்த 18, 19 தேதிகளில் வீட்டில் எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள்: இன்றும் நாளையும் எனக்குக் கஷ்டமான நாள், ராத்திரிக்குக் கடை இட்லிதான்.

எப்போது நேரில் யாரையாவது பார்க்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஆசையில்லாமல் போனால், தூக்கம் பெரும்பாலான இரவுகளில் கெட்டால், மறுபடி கை ஓங்கினால், வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மனாஸ் 14416 எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. நெஞ்சு வலி கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்வையும் மூச்சுத் திணறலும் வந்தால் அதை டென்ஷன் என்று நினைத்து உட்கார்ந்திருக்க வேண்டாம், உடனே 108. பழைய ஈசிஜி நார்மல் என்பது அன்றைக்கு மட்டும்தான்.

அடுத்த மாதம் 3பி போட்டு முடித்த மறுநாள், அந்தக் காலண்டர் தாள்களை வரிசையாக அடுக்கிப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். ரத்தப் பரிசோதனை முடிவையும் சேர்த்து. பாத்திரச் சத்தம் பற்றி உங்கள் அத்தை என்ன சொன்னார் என்பதையும்.